ஒன்பது நிமிடம் பன்னிரண்டு விநாடி

வாரத்தில் ஆறு நாள் ஊராருக்குக் காற்று கொடுத்துவிட்டு, ஏழாவது நாள் இருக்கிற காற்றையும் நிறுத்துகிற ஒரு மனிதர் இருந்தார் என்றால் நம்புவீர்களா? இருந்தார். ஏசி மெக்கானிக். திங்கள் முதல் சனி வரை அலுவலகங்களிலும் கடைகளிலும் ஏணி போட்டு ஏறி, தகரக் குழாய்க்குள் தலையைக் கொடுத்து, தும்மித் தும்மி, "இப்ப குளிருதா பாருங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு விளையாட்டு அரங்கத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அங்கே ஓடுகிற ஏசியை அணைப்பார். மின்விசிறிகளை நிறுத்துவார். ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணிப்பார். அப்புறம் பதினோரு மணி வரைக்கும் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் வியர்த்துக் கொட்ட வேண்டியதுதான்.

வேறு வழியில்லை. அங்கே பறப்பவை இரண்டு கிராம்கூடத் தேறாத விமானங்கள். தீக்குச்சியைவிட மெல்லிய பால்சா மரக்குச்சிகளால் ஓர் எலும்புக்கூடு, அதன்மேல் வெங்காயச் சருகு மாதிரி ஒரு பாலிதீன் தாள், மூக்கில் ஒரு விசிறி, வயிற்றுக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். அவ்வளவுதான். ரப்பரை ஆயிரத்து ஐந்நூறு சுற்று முறுக்கிக் கையை விட்டால், விசிறி சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டே அரங்கத்துக்குள் வட்டம் போட்டு மேலே ஏறும், கூரைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உலாத்தும், பிறகு அவசரமே இல்லாமல் இறங்கும். பேட்டரி கிடையாது, ரிமோட் கிடையாது. யாராவது கதவைத் திறந்தால் போச்சு, அந்தக் காற்றிலேயே குப்புற விழும்.

ஆகவே நம்ம ஆள் ஞாயிறு காலை முழுக்க "கதவு! கதவு!" என்று கத்திக்கொண்டே இருப்பார். உடன் இருக்கிறவர்கள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். கதவு வந்தாச்சா? கதவு எங்கே காணோம்? அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அரங்கத்தில் ஏதோ ரிப்பேர் என்று வந்தவர்தான். "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் அந்த மெஷினை நிறுத்துங்களேன்" என்று யாரோ கேட்டார்கள். நிறுத்தினார். விமானம் ஒன்று அவர் தலைக்கு மேலே சத்தமில்லாமல் வட்டமடித்தது. கையில் ஸ்பானரோடு அண்ணாந்து நின்றவர் அன்றைக்கு ரிப்பேரை முடிக்கவே இல்லை.

வீட்டில் யாருக்கும் இது பிடிபடவில்லை. மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். கணவன் குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, குச்சி ஒட்டுகிறான், ஒட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். மச்சினன்தான் விடமாட்டான். "மாமா, நம்ம பொம்மை விமானம் இன்னிக்கு எந்த நாட்டுல இறங்குது?" என்பான். நாலு பேர் சிரிப்பார்கள். இவரும் அசடு வழியச் சிரித்துவைப்பார்.

ஆனால் அரங்கத்தில் மாட்டியிருந்த கரும்பலகையில் 'சாதனை: 9 நிமிடம் 12 விநாடி' என்று எழுதி, பக்கத்தில் இவர் பெயர் இருந்தது. ஒன்பது வருஷமாக யாரும் அதைத் தாண்டவில்லை. படிப்பில் கடைசி பெஞ்சு, வேலையில் எப்போதும் சீனியருக்கு அடுத்த ஆள், கூடப்பிறந்தவர்களில் நடுவிலே பிறந்து யாருக்கும் ஞாபகம் வராத பிள்ளை. இப்படி ஒரு மனிதர் வாழ்க்கையில் முதலாவதாக நின்ற ஒரே இடம் அந்தப் பலகை. ஞாயிறுதோறும் உள்ளே வந்ததும் ஓரக்கண்ணால் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வார். பார்க்காத மாதிரி பார்ப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அரங்கத்து மேனேஜர் குண்டைத் தூக்கிப் போட்டார். பன்னிரண்டு பேருக்குக் குறைவான சங்கத்துக்கு இனிமேல் அரங்கம் கிடையாது. இவர்கள் பதினொரு பேர். இரண்டு மாத அவகாசம். அதற்குள் பன்னிரண்டாவது கையெழுத்தோடு பதிவேட்டைக் காட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை டேபிள் டென்னிஸ்காரர்களுக்குப் போய்விடும். வேறு இடத்துக்கும் போக முடியாது. அவ்வளவு உயரமான கூரை, அவ்வளவு அசையாத காற்று, அந்த ஊரில் வேறெங்கும் இல்லை. அரங்கம் போனால் சங்கமும் போச்சு.

"புது ஆளுங்களைக் கூட்டிட்டு வரணும். ஒரு அறிமுக நாள் வெப்போம்" என்றார் சங்கத் தலைவியான பல் டாக்டரம்மா.

நோட்டீஸ் எழுதும் வேலையைக் கதவு ஏற்றுக்கொண்டார். 'வாருங்கள், பறக்க விட்டுப் பாருங்கள்' என்று மேலே அழகாகத்தான் எழுதினார். அதோடு நிறுத்தினாரா? கீழே கொட்டை எழுத்தில் ஒன்பது விதிகள். ஓடக் கூடாது. கைதட்டக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது. விமானத்துக்குக் கீழே நின்று தும்மக் கூடாது. இதைப் படித்துவிட்டும் ஒருவர் வருவார் என்றால் அவர் பெரிய மனசுக்காரர்தான்.

மூன்று பேர் வந்தார்கள். ஒரு வங்கிக்காரர், அவர் மனைவி, அப்புறம் கடைத்தெருவில் துணி தைக்கிற ஓர் அம்மா. பத்து நிமிஷத்தில் வங்கிக்காரர் மனைவிக்குப் புழுக்கம் தாங்கவில்லை. கையிலிருந்த நோட்டீஸாலேயே விசிறிக்கொண்டார்.

"விசிறாதீங்க!" என்று அரங்கமே அதிரக் கத்தினார் நம்மவர்.

அந்த அம்மாள் முகம் செத்துப்போயிற்று. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எழுந்தார்கள், போனார்கள். போகும்போது கதவைத் திறந்தார்கள் என்பதற்கும் ஒரு கத்தல் விழுந்தது.

"ஆள் வேணும்னு போர்டு மாட்டிட்டு, வந்தவங்களைக் குரைச்சுத் துரத்துறீங்களே, இது என்ன நியாயம்?" என்று பல் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்தது தையல்காரம்மா. அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஊசியில நூல் கோக்கும்போது நான் இப்படித்தான் இருப்பேன், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார். நம்மவருக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அந்த அம்மா உடனே கையெழுத்துப் போடவில்லை. "நானே ஒண்ணு செஞ்சு, அது ஒரு தடவையாவது ஒழுங்கா பறக்கட்டும் அண்ணே. அப்புறம் சேர்றேன். சும்மா பேரு குடுத்துட்டு ஓரமா நிக்க எனக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டார். கதவு அவருக்குக் குச்சி கொடுத்தார், தாள் கொடுத்தார், ரப்பர் கொடுத்தார். இதெல்லாம் நல்ல மனசோடுதான் கொடுத்தார், அதையும் சொல்லியாக வேண்டும். முதல் விமானம் பிறந்த இடத்திலேயே முறிந்தது. இரண்டாவது சுவரில் போய் முட்டியது. ஆறு வாரம் இப்படியே போனது. ஏழாவது ஞாயிறு, அதாவது பதிவேடு காட்ட வேண்டிய நாளுக்குச் சரியாக எட்டு நாள் முன்னால், மூன்றாவது விமானத்தை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தார்.

அதைப் பார்த்ததுமே கதவு கிட்டே போய்க் குனிந்தார். ஒட்டின இடம் தெரியவில்லை. தாளில் ஒரு சுருக்கம் இல்லை. இருபத்தைந்து வருஷம் பட்டுத்துணி தைத்த கை.

ஆயிரத்து ஐந்நூறு சுற்று முறுக்கினார்கள். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். விமானம் சுவர்ப்பக்கம் ஒதுங்கினால் அதைத் திருப்புவதற்கு ஒரு ஹீலியம் பலூனும் அதில் கட்டிய மெல்லிய கயிறும் உண்டு. பலூனை மேலே விட்டு, கயிற்றை விமானத்தின் இறக்கையில் லேசாகத் தொட வைத்தால் அது நடுவுக்குத் திரும்பிவிடும். சாதாரணமாக விமானத்துக்குச் சொந்தக்காரர்தான் கயிற்றைப் பிடிப்பார். புதியவர்களுக்குப் பழக்கம் இருக்காது, ஆகவே கை தேர்ந்தவர் யாராவது பிடித்துக்கொடுப்பார்கள். கதவுக்கு முதன்முதலில் பிடித்துக்கொடுத்தவரும் இப்படி ஒருவர்தான்.

"அண்ணே, நீங்களே பிடிங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றார் தையல்காரம்மா.

"நான் இருக்கேன், நீங்க பயப்படாம விடுங்க" என்றார் இவர்.

விட்டார். ஏறியது. பல் டாக்டர் ஸ்டாப்வாட்சைப் பார்த்து நிமிஷங்களை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்து. ஆறு. கூரையருகே போய்விட்டு நிதானமாக இறங்கத் தொடங்கியது. ஏழு. சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எட்டு. இன்னும் இருபதடி உயரத்தில் இருந்தது. நம்மவர் விசிறியைப் பார்த்தார், ரப்பரைப் பார்த்தார். ரப்பரில் முடிச்சுகள் இன்னும் திண்ணென்று இருந்தன. அவருக்குத் தெரியாதா? ஒன்பதைத் தாண்டும். பத்தையும் தாண்டும். பலகையிலிருந்து தன் பெயர் போகப்போகிறது. அதுவும் வந்து ஏழு வாரம் ஆன ஆளிடம்.

வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப்பக்கம் நகர்ந்தது. அங்கே சுவரை ஒட்டி ஏசிக் காற்று போகிற தகரக் குழாய் தொங்கியது. கயிற்றை ஒரு சாண் இழுத்திருந்தால் போதும். ஆயிரம் தடவை செய்த வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

இழுக்கவில்லை.

கை தவறியது என்று யாரும் நினைக்க வேண்டாம். கை சும்மா இருந்தது. ஒரு மூச்சு நேரம், அவ்வளவே, 'மோதட்டுமே' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது, அதை இவர் கேட்டுக்கொண்டு நின்றார். விமானம் குழாயின் மேல் ஏறி, அதைத் தாங்குகிற கம்பியில் மூக்கு மாட்டி நின்றது. அதன் பிறகு கயிற்றை வேகமாக இழுத்து, "ஐயையோ!" என்று கத்தினார் பாருங்கள், அதுதான் கேவலத்திலும் கேவலம். அந்தக் கத்தலில் துளி உண்மை இல்லை.

"எட்டு நாற்பத்தொண்ணு" என்றார் பல் டாக்டர். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. வியர்வை வழிய, பலூன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றார். தையல்காரம்மா அருகில் வந்தார்.

"விடுங்க அண்ணே. வேணும்னா செஞ்சீங்க? என்னோட விமானத்துக்கு நீங்க இப்படி உடைஞ்சு போய் நிக்கிறீங்களே. அதைப் பார்த்தாதான் எனக்கு மனசு தாங்கல." திரும்பி, "டாக்டரம்மா, அந்த நோட்டைக் குடுங்க. இப்படிப்பட்டவங்க இருக்கிற இடத்துல சேராம வேற எங்க சேர்றது?" என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் கைதட்டினார்கள். சங்கம் பிழைத்தது. கதவு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரம் அவர் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் தகரக் குழாய். நிமிர்ந்தால் குழாய், ஏறினால் குழாய். சோறு இறங்கவில்லை. புதன்கிழமை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மனைவி கேட்டாள்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? நாலு நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க."

மென்று விழுங்கி, மென்று விழுங்கி, கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"என் தம்பிதான், இருந்தாலும் அவன் கிண்டல் பண்றப்ப எல்லாம் நான் உள்ளுக்குள்ள கோபப்பட்டிருக்கேன், தெரியுமா" என்றாள். "இந்த மனுஷன் யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணாம ஒரு மூலையில குச்சி ஒட்டுறாரு, அதைப் போய் இளக்காரம் பண்றானேன்னு. இப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கல."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

"சொன்னா அந்தம்மா நோட்டுல அவங்க பேரை வெட்டிடுவாங்க. ஹால் போயிடும். பத்துப் பேரோட ஞாயித்துக்கிழமை என்னால போகும்."

"அப்ப அந்தப் பத்துப் பேர் பாவம்னு சொல்லிச் சொல்லியே உங்க மானத்தைக் காப்பாத்திக்குங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

சனிக்கிழமை மத்தியானம் வேலை ஏணியைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குப் போனார். மேனேஜரிடம் சாவி வாங்கி, ஏறி, குழாய்க்கு மேலே பார்த்தார். விமானம் அப்படியே இருந்தது. ஓர் இறக்கையில் சிறு கிழிசல், அவ்வளவுதான். விசிறி கம்பியில் முட்டிக்கொண்டு நின்றிருந்ததால் ரப்பர் அவிழவே இல்லை. முறுக்கு அப்படியே இருந்தது.

சங்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பறத்தலுக்குப் பிறகும் ரப்பரில் மிச்சம் எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் எழுதுவார்கள். நல்ல விமானம் தானாக இறங்கினால் ஒரு நூற்றைம்பது மிஞ்சும். அதற்கு மேல் இருக்கிற ஒவ்வொரு நூறு சுற்றும் இன்னொரு நிமிஷம் பறந்திருக்கும் என்று அர்த்தம். தையல்காரம்மாவின் வரிசையில் அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

ஏணியின் உச்சியில் நின்றபடி அவர் விசிறியை ஒற்றை விரலால் பிடித்திருந்தார். விரலை எடுத்தால் போதும். சர்ரென்று சுற்றித் தீர்ந்துவிடும். கைதவறி நடந்தது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு நிமிஷம் அப்படியே நின்றார் என்பதையும் மறைக்க வேண்டாம். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, விசிறி சுற்றாதபடி குறுக்கே செருகி, படி படியாக இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்த பிறகு, விமானத்தை வைத்திருந்த பெட்டியை மேஜைமேல் வைத்தார். தையல்காரம்மா ஓடி வந்தார். "அண்ணே, எடுத்துட்டீங்களா! எனக்காக ஏணி எல்லாம் போட்டு..."

"கொஞ்சம் இருங்கம்மா. நான் சொல்லிமுடிக்கிற வரைக்கும் எனக்கு நன்றி சொல்லாதீங்க." பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். "அன்னிக்குக் கை தவறல. கயித்தை இழுக்கணும்னு எனக்குத் தெரியும். வேணும்னேதான் இழுக்கல. என் பேரு போயிடும்னு இழுக்கல. மிச்சச் சுற்று அப்படியே இருக்கு. எண்ணிப் பாருங்க."

தையல்காரம்மா அவரைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். குண்டூசியை எடுத்துவிட்டு, விசிறியை விரலால் ஒவ்வொரு சுற்றாக விட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. சத்தமாகத்தான் எண்ணினார், அவசரப்படாமல், தையல் எண்ணுகிற மாதிரி. நூறு வந்தது. நூற்றைம்பது தாண்டியது. இருநூறு. முந்நூறு. கதவு எதிரே நின்றுகொண்டிருந்தார். உட்காரத் தோன்றவில்லை, வெளியே போகவும் தோன்றவில்லை. யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. யாரும் திட்டவில்லை. நானூறு. பல் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்நூறு. கால் மணி நேரம் ஆயிற்று.

"ஐந்நூத்தி நாற்பத்தெட்டு" என்றார் தையல்காரம்மா.

பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் பறந்திருக்கும். அங்கே இருந்த எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

"நான் விலகிக்கிறேன்" என்றார் கதவு.

"விலகினா பதினொண்ணு" என்று பல் டாக்டர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நாளைக்கு நோட்டைக் காட்டணும். உங்களுக்கு அதுக்கும் வழியில்ல. நில்லுங்க."

பல் டாக்டரே பதிவேட்டையும் பேனாவையும் தையல்காரம்மா முன்னால் நகர்த்தினார். "நாங்க எதுவும் சொல்ல மாட்டோம்மா. உங்க பேரை வெட்டணும்னா வெட்டிடுங்க."

"நான் ஏன் வெட்டணும்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

கதவு துணியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். தன் பெயரை அழிக்கக் கையை உயர்த்தினார்.

"அதைத் தொடாதீங்க" என்றார் தையல்காரம்மா. அண்ணே என்று சொல்லவில்லை. "அது இருக்கட்டும். நான் தாண்டுறப்ப நானே அழிச்சுக்கிறேன். ஒண்ணே ஒண்ணு. என் விமானம் பறக்குறப்ப நீங்க கயித்துப் பக்கம் வரக் கூடாது."

"வரலைம்மா" என்றார்.

அன்றிலிருந்து அவர் அரங்கத்துக் கதவுக்கு வெளியே நிற்கிறார். யாரும் நிறுத்தவில்லை, தானாகவே போய் நின்றார். வராந்தாவில் நாலு நாற்காலி, ஒரு மேஜை விசிறி, ஒரு பானைத் தண்ணீர். யார் வந்தாலும் உட்கார வைத்து, விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி, உள்ளே நடப்பதை விளக்கிச் சொல்கிறார். நோட்டீஸிலிருந்த ஒன்பது விதிகளையும் எடுத்துவிட்டார். பதிவேட்டில் இப்போது பதினேழு பேர்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அந்த வங்கிக்காரரின் மனைவி தனியாக வந்தார். தயங்கித் தயங்கித்தான் வந்தார். கதவு எழுந்து நின்றார்.

"அன்னிக்குக் கத்தினேன். தப்பும்மா. மன்னிச்சுடுங்க. உக்காருங்க, தண்ணி குடிங்க. உள்ள ஒண்ணு பறந்துட்டிருக்கு, இறங்கினதும் கூட்டிட்டுப் போறேன்."

உள்ளேயிருந்து பல் டாக்டரின் குரல் மெல்லக் கேட்டது. எட்டு. இவர் பேச்சை நிறுத்தினார். கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. ஒன்பது. இவர் உதடு தானாக அசைந்து விநாடிகளை எண்ணியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. கண் கலங்கியது.

"யாரோடது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"உங்களோட அன்னிக்கு வந்தாங்களே, தையல்காரம்மா, அவங்களோடது. ரெண்டு மாசம் முன்னாடியே பறந்திருக்கும். நான்தான் கெடுத்தேன்." யார் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார், ஒளிப்பதில்லை.

பத்து என்றது உள்ளே குரல்.

"ஐயோ, அப்ப நீங்க போய்ப் பார்க்க வேண்டாமா? நான் இங்கதானே இருக்கேன், போங்க" என்றார் அந்த அம்மாள்.

அவர் அரங்கத்துக் கதவின் கைப்பிடியைப் பார்த்தார். அதன்மேல் கையை வைத்து, திறக்காமல், கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப திறந்தா அது விழுந்துடும்மா" என்றார்.